ஃபிரேமா, மெஷினா

முருகன் துணை

மேல்கணக்கு லயம்,
ஸ்பிரிங்வெளி, பதுளை.
2004 மாசி மாசம்

அன்புள்ள மகள் விஜயலெட்சுமிக்கு அப்பா எழுதிக்கிறது. நானும் அம்மாவும் தம்பி கஜேந்திரனும் உன் மக ரூபியும் முருகன் பார்வையில குறையில்லாம இருக்கோம், குவைத்துல நீ மேலுக்கு நல்லா இருக்கியா, அந்த வீட்டுல நேரத்துக்கு சாப்பிட விடுறாங்களான்னு தெரிஞ்சிக்கத்தான் இங்க எல்லாருக்கும் மனசு கெடந்து அடிச்சிக்குது. இந்தக் கடுதாசிய பதுளை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில ஒக்காந்து எழுதுறேன். ஒடனே பயந்துறாத, பழைய மூச்சு முட்டுக்குத்தான், மாசா மாசம் வர்ற கிளினிக்கு. எனக்கு முன்னால ஒரு ஊரே ஒக்காந்து இருமிக்கிட்டு இருக்கு, அதனால நெறையவே எழுதலாம். வீட்டுல வச்சு எழுத முடியாது. பேனாவ எடுத்தாலே தம்பி பின்னால வந்து நின்னுக்கிட்டு, அப்பா மெஷின் விசயத்த எழுதிட்டீங்களா, அக்காவுக்கு வெளங்குற மாதிரி எழுதுங்கன்னு ஆரம்பிச்சிருவான். போன்லயும் அதே கததான். போன ஞாயித்துக்கெழம டவுன் கொமியூனிகேஷன் கடையில நீ பேசுறப்ப அவன் என் தோள இடிச்சிக்கிட்டு நின்னான், அந்தப் போன் பொட்டிக்குள்ள ஒரு ஆளு நிக்கவே எடமில்ல, நீ கேட்டதுக்கெல்லாம் ம், ம்முன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீ என்ன கேட்ட? கெடு முடிஞ்சப்புறமும் இங்கயே வேல செய்ய மேடம் இன்னொரு தடவ கையெழுத்துப் போடச் சொல்றாங்க, போட்டா தம்பி ஆசப்பட்ட டீசேட் அடிக்கிற சூடு மெஷின வாங்கி அனுப்புறேங்குறாங்க, போடவாப்பா வேணாமாப்பா, நீங்க சொல்றதத்தான் செய்வேன்னு கேட்ட. அந்தக் கேள்விக்கு ம்முங்குறது ஒரு பதிலா? அன்னையில இருந்து எனக்கு சோறு எறங்கல தாயி. அதுக்குப் பதில் எழுதத்தான் இப்ப ஒக்காந்திருக்கேன். ஆனா எடுத்த எடுப்புல போடு, போடாதன்னு ஒத்த வார்த்தையில சொன்னா அப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனப்ப, அதனால நடந்தத மொதல்ல இருந்து சொல்லிட்டு வர்றேன், பொறுமையா படி.

தம்பி கொழும்பு வேலைய விட்டுட்டு வந்து நம்ம வாசல் இஸ்தோப்புல ஃபிரேம் போட்டு டீசேட் அடிக்கிறது உனக்குத் தெரியும், ஆனா அது எப்புடின்னு நீ கண்ணால பாத்ததில்லையே. மரச்சட்டத்துல மெல்லிசு பட்டுத்துணிய நல்லா இறுக்கி அடிச்சு, அதுமேல ஒரு மருந்தப் பூசி, படம் வரைஞ்ச தாள வச்சு வெயில்ல காட்டணும். வெயில் பட்ட எடமெல்லாம் இறுகிப்போகும், படம் மறைச்ச எடம் தண்ணியில கழுவுனா போயிரும். அந்த வழியா மைய விட்டு ரப்பர் கட்டையால ஒரே இழுப்பு, அவ்வளவுதான், கீழ விரிச்சிருக்குற டீசேட்டுல படம் எறங்கிரும். ஒரு கலருக்கு ஒரு ஃபிரேம், ரெண்டு கலர்னா ரெண்டு ஃபிரேம், நூலு கூட நகராம ஒன்னு மேல ஒன்னு வைக்கணும். கட்டைய இழுக்குறது யாருன்னு நெனக்கிற? உன் அப்பன்தான். காலையில மலையில தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிட்டு வந்து மத்தியானத்துக்கு மேல கட்டையப் புடிச்சேன்னா ஒரே அழுத்தமா வரும், தம்பி இழுத்தா நடுவுல திட்டுத் திட்டா நிக்கும், அத நான் சொன்னா மூஞ்சத் தூக்கி வச்சிக்குவான். இந்தப் பனியில வெயிலுக்கு எங்க போறது, அடிச்ச டீசேட்டையெல்லாம் அம்மா அடுப்புக்கு மேல கம்பியில தொங்கப் போட்டுத்தான் காய வைப்பா. அந்தச் சூட்டுல மை துணிக்குள்ள கடிச்சிக்கிட்டு நிக்கும் பாரு, அப்புறம் அடிச்சுத் தொவைச்சாலும் அசையாது. மேதினத்துக்கு சங்கக்காரங்களுக்கு அடிச்சுக் குடுத்த செவப்பு டீசேட்ட இன்னும் மலையில போட்டுக்கிட்டுத் திரியிறானுங்க, துணி கந்தலாயிருச்சு, எழுத்து மட்டும் அப்புடியே நிக்குது.

அதுக்காக ஃபிரேம்ல குறையே இல்லன்னு சொல்ல வரல. மழ மாசத்துல வெயில் இல்லாம ஃபிரேமே புடிக்காது, வாரக்கணக்குல சும்மா ஒக்காந்திருக்கணும். மயில் படம், மூஞ்சி படம் எல்லாம் அதுல சரியா வராது. எல்லாத்தவிட மையில கலக்குற அந்தத் தின்னர் வாட. இஸ்தோப்புல அடிச்சாலும் இருக்குற ஒத்த ரூம் காம்பரா முழுக்க அதான், சோத்துல அந்த வாட, கம்பளியில அந்த வாட, ரூபி தலமயிருல அந்த வாட. டொக்டர் நல்ல மனுசன், ஐயா அந்த வாடையில இருந்து கொஞ்சம் தள்ளி இருங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றாரு. எங்குட்டுத் தள்ளிப் போறது, சொல்லு? இந்தச் செவுத்துல இருந்து தள்ளுனா அந்தச் செவுத்துல முட்டுவேன். டவுன்ல ஒரு எடம் பாத்துப் போயிரலாம்னா, நானும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் பெரட்டுக்குப் போகாம நின்னா காம்பராவ விடச் சொல்லிருவாங்க, வீட்டுக்கு ஒரு பேராவது தோட்டத்துல இருக்கணுமே. தம்பி பேரப் பதிஞ்சிருவோம்டான்னா, செத்தாலும் மம்பட்டி தூக்க மாட்டேங்குறான். அதனால மூச்சு வாங்குனாலும் நான் மலைக்குப் போயித்தான் ஆகணும், மலையில இருந்து வந்தா அந்த வாடைக்குள்ள போயித்தான் ஆகணும். புலம்புறேன்னு நெனைக்காத, உள்ளத சொல்றேன்.

இப்புடி இருக்கப்பத்தான் டவுன்ல இப்றாஹீம் நானா கடையில அந்தச் சூடு மெஷின் வந்து எறங்குச்சு. தம்பி அதப் பாத்துட்டு வந்த அன்னைக்கு அவன் மூஞ்சியப் பாக்கணுமே, பொண்ணு பாத்துட்டு வந்தவன் கூட அப்புடி சிரிக்க மாட்டான். போட்டோவ கம்பியூட்டர்ல போட்டு ஒரு தாளுல எடுக்குறாங்க, அந்தத் தாள டீசேட்டு மேல கவுத்து வச்சு மெஷின்ல அழுத்துறாங்க, கொஞ்ச நேரத்துல தாள உரிச்சா போட்டோவுல எத்தன கலர் இருக்கோ அத்தனையும் துணியில இருக்கு. ஃபிரேம் வேணாம், வெயில் வேணாம், தின்னர் வேணாம், ஒரே ஒரு டீசேட் வேணும்னாலும் அடிச்சிக்கலாம். அப்பா உங்க நெஞ்சுக்கு இதாம்பா நல்லதுன்னு என்னையும் கூட்டிக்கிட்டுப் போயி காட்டுனான். நானும் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. வெள்ள டீசேட்டுல மட்டுந்தான் அது எடுப்பா விழும், கறுப்புல விழாது. தடவிப் பாத்தா படம் துணிக்குள்ள எறங்காம, ஆறுன பால்டீ மேல ஆட நிக்கிற மாதிரி மேலாலதான் நிக்குது. அதச் சொன்னேன். நீங்க எதுலதான் குத்தம் கண்டுபுடிக்காம இருந்தீங்கன்னுட்டான்.

நானாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்கு அந்த மெஷின த்ரீவீலர்ல போட்டு லயத்துக்கே கொண்டுவந்துட்டான். தேர் வருதோன்னு லயத்து வரிசை வீடெல்லாம் வாசல்ல நிக்குது. சாயங்காலம், பொம்பளைங்க எல்லாம் டீவி நாடகத்துல மூழ்கிக் கெடக்குற நேரம், இவன் சுவிட்ச போட்டான். ஒரு டப்புன்னு சத்தம், லயம் முழுக்க இருட்டு. ஏண்டா கஜேந்திரா நாசமாப் போவான்னு ஒவ்வொரு காம்பராவுல இருந்தும் ஒரு வசவு, எனக்கு சிரிப்ப அடக்க முடியல, இருமல் வந்து அம்மா முதுகத் தட்டிவிட்டா. நம்ம லயத்துக் கம்பி ஒரு பல்பையும் டீவியையும் தாங்குறதே பெரிய காரியம், அந்த மெஷினுக்கு எங்க தாங்கும்? மறுநாளே அத நானா கடைக்கே திருப்பிக் கொண்டுபோயி வச்சாச்சு. இத நல்லா மனசுல வச்சிக்க லெட்சுமி, நீ அனுப்புனாலும் அந்த மெஷின் நம்ம காம்பராவுல ஓடாது. டவுன்ல எடம் எடுத்துத்தான் ஓட்டணும்.

அப்புறந்தான் தைப்பூசம் வந்துச்சு. கோயில் கமிட்டித் தலைவரு அழகர் அண்ணன் இந்த வருசம் தேர் இழுக்குற பொடியன்களுக்கெல்லாம் முருகன் படம் போட்ட டீசேட் வேணும்னு கேட்டாரு. தம்பி விடுவானா, தேருக்கு ரெண்டு வாரம் முன்னயே நானா கடையில ஒக்காந்து மெஷின்லயே அடிச்சான். வேலு, மயிலு, சேவக்கொடி, சாமி மூஞ்சியில அந்தச் சிரிப்பு, ஒன்னு கூட விடாம விழுந்துருச்சு. அதே கையோட ரூபிக்கு ஒரு சின்ன டீசேட்டுல உன் போட்டோவையும் அடிச்சுக் கொண்டுவந்தான், நீ போறதுக்கு முன்ன ஸ்டூடியோவுல நீலச் சீலை கட்டி எடுத்தியே, அது. தேர் அன்னைக்கு சனமெல்லாம் தேரப் பாத்ததவிட டீசேட்டத்தான் பாத்துச்சு. உங்க அம்மா, எம் மவன் அடிச்சதுன்னு போற வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு நின்னா. எனக்கும் பெருமையா இருந்துச்சு, அத அவன்கிட்ட சொல்லல, அது வேற விசயம்.

திருவிழா முடிஞ்ச மறுநாளே புடிச்சுது மழ. சேத்துல பெரண்ட டீசேட்ட எல்லா வீட்டுலயும் தொவைச்சாங்க. நம்ம சனம் மழையில துணிய எங்க காயப் போடும்? அடுப்புக்கு மேலதான். அதுவும் சாமி படம் பாரு, கரியும் பொகையும் முருகன் மூஞ்சியில படக்கூடாதுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் படத்த உள்ளுக்கு வச்சு மடிச்சு, பக்தியாத் தொங்கப் போட்டிருக்காங்க. நம்ம வீட்டுல தம்பியோடத அம்மாவும் அப்புடித்தான் போட்டா. இத்தன காலமா ஃபிரேம்ல அடிச்சத அடுப்புல போட்டுத்தானே பழக்கம், இது வேற மாதிரின்னு யாரு கண்டா? விடிஞ்சு எடுத்து விரிச்சா, சாமி மூஞ்சி அதுமேலயே ஒட்டிக்கிச்சு. பிரிச்சா தோல் மாதிரி உரியுது, பாதி இங்க, பாதி அங்க. ஒரு வீடு ரெண்டு வீடு இல்ல, அத்தன வீட்டுலயும் இதே கததான். இப்றாஹீம் நானாகிட்ட போயி கேட்டா, சூட்டுல ஒட்டுனது சூடு பட்டா எளகத்தான் செய்யும், நீங்க அடுப்புல போடுவீங்கன்னு நான் கண்டேனா வாப்பாங்குறாரு. அவரு மேல என்ன தப்பு.

சனத்துக்கு அதுவா வெளங்கும்? முருகன் மூஞ்சி கிழிஞ்சு போச்சு, இந்த வருசம் என்ன வரப்போகுதோன்னு தண்ணி புடிக்கிற பீலிக்கரையில எல்லாம் அதான் பேச்சு. அழகர் அண்ணன் வந்து இஸ்தோப்புல நின்னுக்கிட்டு, சின்னராசா, உங்க வீட்டு மேல ஒரு குத்தமும் சொல்லல, ஆனா இத நான் எங்கன்னு கொண்டுபோயி போடுறது, குப்பையில போட முடியுமா, எரிக்க முடியுமான்னு கேட்டாரு. கடைசியில எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி ஆத்துல விட்டாங்க. நான் ஒரு வேலு மட்டும் வரைஞ்சு, ஒரே கலர், ஃபிரேம்ல போட்டு அத்தன பொடியன்களுக்கும் சும்மாவே அடிச்சுக் குடுத்தேன். அந்த வாடையில நின்ன நின்னபடி இழுத்ததுதான் இப்ப இந்த வாங்குல வந்து முடிஞ்சிருக்கு. சனம் இப்ப பேச்ச விட்டுருச்சு. தம்பிதான் இன்னும் விடல. மெஷின் மேல குத்தமில்லப்பா, நம்ம அடுப்பு மேலதான் குத்தம், அக்கா அனுப்புறது நல்ல மெஷின், டவுன்ல கடை போட்டா யாரு அடுப்புல காயப் போடப் போறாங்குறான். அவன் சொல்றதும் நியாயந்தான். அவனும் பாவம் லெட்சுமி, இந்த லயத்துக்குள்ள அவனுக்கு மூச்சு முட்டுது, எனக்கு தின்னர்ல முட்டுற மாதிரி அவனுக்கு இந்தச் செவுத்துல முட்டுது. மெஷின் வந்தா அதச் சாக்கா வச்சு வெளிய போயிரலாம்னு நெனைக்கிறான். உன்ன போட வேணாம்னு சொன்னா அவன் கதவ சாத்துறேன், போடுன்னு சொன்னா உன் கதவ சாத்துறேன். ரெண்டு புள்ளைக்கும் நடுவுல என்னய கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கீங்க, நல்லா இருப்பீங்க. உங்க அம்மாகிட்ட கேட்டா அடுப்ப ஊதுறா, கண்ணத் தொடைக்கிறா, ஏன்னு கேட்டா பொகைங்குறா.

இப்ப ரூபி விசயம் சொல்றேன், இத எழுதாம விட்டுரலாம்னுதான் இருந்தேன். அந்த நீலச் சீலை போட்டோ டீசேட்ட அவ ஒடம்ப விட்டுக் கழட்டவே இல்ல. ஸ்கூல் வெள்ளச் சட்டைக்கு உள்ளாரயும் அதத்தான் போட்டுக்கிட்டுப் போவா, டீச்சர் கேட்டா இது எங்கம்மான்னு பட்டன கழட்டிக் காட்டுவாளாம். நீ போறப்ப நடை பழகுன புள்ள, உன் மூஞ்சி அவளுக்கு அந்த டீசேட்டுலதான் தெரியும், கோவிச்சிக்காத, உண்ம அதான். அந்த மழையில அதுவும் நனைஞ்சு போச்சு. அவ அம்மாயி, உங்க அம்மா, சாமி டீசேட்ட எப்புடி மடிச்சுப் போட்டான்னு பாத்திருக்கா. இவளும் முக்காலி மேல ஏறி, எங்கம்மா மூஞ்சியில கரி படக்கூடாதுன்னு உன்ன உள்ளுக்கு வச்சு மடிச்சு, அடுப்புக் கம்பியில போட்டிருக்கா. விடிஞ்சதும் அவளே எடுத்து அவளே பிரிச்சா. பிரிஞ்ச எடத்துல உன் சீலையில கொஞ்சம் நீலம் இருந்துச்சு, மூஞ்சி இல்ல. அன்னைக்கு அவ அழுத அழுகைய நான் எழுத மாட்டேன். தம்பி ஓடி வந்து தூக்கி வச்சிக்கிட்டு, அழாத குட்டி, அம்மா மெஷின் அனுப்பப் போறாங்க, அதுல அம்மா படத்த உனக்கு எத்தன வேணும்னாலும் மாமா அடிச்சுத் தர்றேன்னான். அதோட அழுகைய நிப்பாட்டுனா. நாங்களும் அப்பாடான்னு இருந்தோம். அன்னைக்கு சாயங்காலம் நான் கட்டைய கழுவிக்கிட்டு இருக்கப்ப கிட்ட வந்து ஒக்காந்து கேட்டா, தாத்தா, மெஷின் வந்தா அம்மா படம் நெறைய வரும்ல, அப்ப அம்மா வர மாட்டாங்களான்னு.

கட்டைய கழுவுன தண்ணியில கைய வச்சிக்கிட்டு அப்புடியே ஒக்காந்திருந்தேன். அவ என் மூஞ்சியப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா, மறுபடி கேக்கல, இன்னைக்கு வரைக்கும் கேக்கல. அவ மறுபடி கேட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வேதனையா இருக்காது.

கையெழுத்துப் போடாத லெட்சுமி. மேடம் என்ன சொன்னாலும் போடாத. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு, அப்பா சாகக் கெடக்குறாருன்னு வேணும்னாலும் சொல்லு, எனக்கு ஒன்னும் ஆகாது. பாஸ்போட்ட அவங்க கையில வச்சிருக்காங்கன்னு சொன்னியே, ஏஜென்சிக்காரங்ககிட்ட கேளு, ஆடிக்குள்ள கெடு முடியுதுல்ல, அதோட கெளம்பு. வந்து என்ன செய்யிறதுன்னு கேப்ப. எனக்கும் தெரியாது. இந்தக் காம்பராவுல இன்னொரு பாய் விரிக்க எடமிருக்கான்னு கூட இன்னும் அளந்து பாக்கல. நீ வந்தப்புறம் தம்பி என் மூஞ்சியில முழிக்க மாட்டான், அதையும் யோசிச்சுட்டேன். முழிக்காட்டி போறான், பக்கத்துலயே இருந்துக்கிட்டு முழிக்காம இருக்கட்டும். மெஷின் இல்லன்னா ஃபிரேம் இருக்கு, கட்டைய இழுக்க எனக்குக் கை இருக்கு, ஃபிரேமப் புடிக்க உனக்குக் கை இருக்கு. நம்பரு கிட்ட வந்துருச்சு, நர்ஸ் நோனா இந்தப் பக்கம் பாக்குறாங்க. இத இப்புடியே டவுன் தபால் கந்தோருல போட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன், வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன்.

தண்ணி நெறைய குடி, அந்த வெயில்ல மாடியில துணி காயப்போடப் போறப்ப தலையில துணி போட்டுக்க. கண்ட நேரத்துல அழுது ஒடம்பக் கெடுத்துக்காத. அந்த முருகன் உன்ன எந்தக் கொறையும் இல்லாம எங்க கண் முன்னால கொண்டாந்து நிறுத்தட்டும், அம்மாவும் நானும் உன் தலையில கை வச்ச மாதிரி நெனச்சிக்க.

ஒன்ன மட்டும் மறந்துறாத. அடுத்த ஞாயித்துக்கெழம நீ போன் எடுக்குறப்பவும் தம்பி என் தோள இடிச்சிக்கிட்டுத்தான் நிப்பான். போடவாப்பான்னு நீ கேட்டா, நான் ம்முன்னுதான் சொல்லுவேன், சரி போடுன்னு கூட சொன்னாலும் சொல்லிருவேன், அவன் மூஞ்சிய கிட்ட வச்சிக்கிட்டு எனக்கு வேற வராது. அத நம்பாத. உன் அப்பன் சொன்னது இந்தத் தாளுல இருக்குறதுதான்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
மு. சின்னராசா